சுவருக்குப் பில் இல்லை

கொவென்ட்ரி
9 பெப்ரவரி 2025

அன்புள்ள பிரியந்தி,

நாங்கள் மூவரும் சுகம். தனுஷனுக்கு இருமல், மாமாவுக்கும் இருமல், எனக்கு மட்டும் இருமுவதற்கு நேரமில்லை. அண்ணனும் அண்ணியும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

போனில் கூப்பிட்டால் உன் குரலே கேட்பதில்லை. அண்ணனோ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் கேட்கும்படி என் சம்பளத்தை விசாரிக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

டிக்கோயாவில் நான் வாங்கிப் போட்ட பன்னிரண்டு பேர்ச் காணியை விற்கப் போகிறேன். 2018இல் இருபது இலட்சம். இப்போது ஹட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் துரைராசா மாஸ்டர் நாற்பத்தைந்துக்குக் கேட்கிறார். அந்தக் காசை இங்கே ஐஸா என்ற கணக்கில் போட்டுப் பங்குகள் வாங்கினால், பிறகு அது கூடினாலும் இங்கே வரி இல்லை என்று மாமா சொல்கிறார். நாங்கள் அங்கே வந்து வீடு கட்டப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஆனால் அங்கே விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு இலங்கையில் மூலதன ஆதாய வரி உண்டு. வெளிநாட்டில் இருந்தாலும் உண்டு. கொழும்பில் கிஷாந்த் என்பவர் அந்த வேலையைப் பார்த்துத் தருகிறார். காணியைத் திருத்தச் செலவழித்ததற்குப் பில் இருந்தால் லாபத்தில் கழிக்கலாமாம். 2019இல் சரிவில் கல்சுவர் கட்ட ஆறு இலட்சம் அனுப்பினேனே, அண்ணன் ஒரு மேசன் பாஸைப் பிடித்துக் கட்டுவித்தாரே, அந்த பாஸ் தந்த பில்லைத் தேடி எடுத்து அனுப்பு. ஒரு கடதாசிதான், பெரிய வேலை இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

உன் அத்தை,
ஜெயந்தினி


கீழ்ப்பிரிவு, நோர்வூட்
2 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

பிரியந்தி எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. தனுஷன் தம்பிக்கு இருமல் விட்டதா? கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொல்லி அம்மா சொன்னார். இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கல்லுக்கட்டு வேலைக்கும் தண்ணீர்க் கான் வெட்டவும் போகிறார். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார். அம்மாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை. நான் வீட்டோடு இருக்கிறேன். பக்கத்து லயத்துச் சின்னப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் பின்னேரம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பில்லைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். "தேடுவோம்" என்றார். பெட்டியில் பார்த்தோம். கிடைக்கவில்லை. இன்னும் தேடுவோம்.

இங்கே வெயில். காலையில் மட்டும் பனி கொட்டுகிறது.

மாமாவுக்கும் தம்பிக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

பிரியந்தி


கொவென்ட்ரி
23 மார்ச் 2025

அன்புள்ள பிரியந்தி,

எல்லோரும் சுகம். கொத்தமல்லியைத் தனுஷன் துப்பிவிட்டான், மாமாதான் குடித்தார். அது சரி, அண்ணிக்கு "இப்போது" ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முன்பு என்ன இருந்தது?

பில் ஏன் முக்கியம் என்று உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். நீ கெட்டிக்காரி. இருபதுக்கு வாங்கி நாற்பத்தைந்துக்கு விற்கிறேன், லாபம் இருபத்தைந்து. சுவர்ச் செலவு ஆறைக் கழித்தால் பத்தொன்பது. வரியில் தொண்ணூறாயிரம் குறையும். இங்கிலாந்திலும் கணக்குக் காட்ட வேண்டும், ஆனால் பவுண்ட்ஸில். வாங்கும்போது ஒரு பவுண்டுக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய். இப்போது ஏறக்குறைய நானூறு. சுவரையும் சேர்த்து நான் போட்டது பன்னிரண்டாயிரம் பவுண்ட்ஸ், கைக்கு வருவது பதினோராயிரத்துச் சொச்சம். ஒரே காணி இங்கே நட்டம், அங்கே இருபத்தைந்து இலட்சம் லாபம்! இல்லாத லாபத்துக்கு வரி கட்டுகிறேன் என்று மாமா இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் செய்கிறார்.

பில் தொலைந்திருந்தால் பாதகமில்லை. அந்த பாஸின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எடுத்து, காசு வாங்கினேன் என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கி அனுப்பு. அது போதும் என்கிறார் கிஷாந்த். செப்டெம்பரில் காணியை மாஸ்டர் பெயருக்கு மாற்றி உறுதி எழுதப் போகிறோம். எழுதி ஒரு மாதத்துக்குள் வரிப் படிவம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை


கீழ்ப்பிரிவு, நோர்வூட்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் எல்லோருக்கும் புது வருட வாழ்த்துகள். வருடப் பிறப்பன்று கோயிலுக்குப் போனோம். உங்கள் பெயரிலும் அர்ச்சனை செய்தோம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள்.

பாஸின் பெயர் அழகன் என்று அப்பா எழுதச் சொன்னார். அவர் லிந்துலைப் பக்கம் போய்விட்டாராம். போன் நம்பர் இல்லை. அடையாள அட்டை இலக்கமும் தெரியாது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பு கொஞ்சம் வயிற்று வலி இருந்தது.

சுவர் நன்றாக இருக்கிறது அத்தை. சித்திரை மழையில் மேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் மண் இறங்கிவிட்டது, உங்கள் காணியில் ஒரு பிடி மண் இறங்கவில்லை. கீழ் வரிசைக்குப் பெரிய கல்லாகப் போட்டிருக்கிறது. தண்ணீர் வடிய ஆறடிக்கு ஒரு ஓட்டை விட்டிருக்கிறது. மூலையில் உள்ள கல் மட்டும் மூன்று தரம் கழற்றி வைத்தது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரியந்தி


கொவென்ட்ரி
8 மே 2025

பிரியந்தி,

சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது.

துரைராசா மாஸ்டர் லிந்துலையில் படிப்பித்தவர். அங்கே எல்லா மேசன்மாரையும் தெரியும். அழகன் என்று சுவர் கட்டும் பாஸ் யாரும் அங்கே இல்லை என்கிறார். அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "மழை பெய்யுது தங்கச்சி, கேக்கல" என்று வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் மழைச் சத்தம் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

மாமா நேற்று என்னிடம், "ஆறு இலட்சமும் சுவருக்குத்தான் போனதோ எண்டு ஒருக்கா வடிவாக் கேளும். விக்கிறதுக்கு அற்றோணித் தத்துவத்தையும் அண்ணைக்கே குடுக்கப் போறீர்" என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். பிறகு படுக்கையில் கிடந்து நானே அதைத்தான் யோசித்தேன்.

எனக்குப் பதிலாகக் காணியை விற்கும் அதிகாரமாக அந்த அற்றோணித் தத்துவத்தை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எனக்கு உண்மை தெரிய வேண்டும். அண்ணன் சொல்லமாட்டார். நீ சொல்.

அத்தை


கீழ்ப்பிரிவு, நோர்வூட்
25 மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தபால் பெட்டியில் போட நோர்வூட் டவுனுக்கு நானே நடந்து போகிறேன்.

அழகன் என்று ஒருவர் இல்லை. பாஸ் யாருமே இல்லை. சுவரைக் கட்டியது அப்பா.

2019இல் நீங்கள் காசு அனுப்பிய மாதம் அம்மாவுக்கு இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு நாள் தந்தார்கள், ஆனால் நான்கு மாதம் தள்ளி. அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மயங்கி விழுந்தார். கண்டியில் காசு கட்டிச் செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றரை இலட்சம் போனது. அது உங்கள் காசு.

உங்களிடம் கேட்டிருக்கலாம். அப்போது தனுஷன் தம்பி உங்கள் வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன் இரண்டு தரம் உங்களுக்குத் தங்கவில்லை. "வயித்துல புள்ளய வச்சிருக்கிறவகிட்ட ரத்தம், ஒப்பரேஷன்னு பேச்சே எடுக்கக் கூடாது. பயந்துட்டான்னா?" என்று அப்பா சொன்னார். அம்மாவும் அப்படியே சொன்னார். தம்பி பிறந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தார்கள். பிறந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று பயந்தார்கள். அப்படியே ஆறு வருடம் போய்விட்டது.

மிச்சம் இருந்ததில் சீமெந்து, மணல், லொறிக்கூலி எல்லாம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம். மற்றது மருந்துக்கும் கண்டிக்குப் போய் வரவும். பாஸுக்குக் கொடுக்கக் காசு இல்லை. அப்பா காணியில் கிடந்த பாறையையே உடைத்தார். ஐப்பசியில் தொடங்கி இருபது ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருக்கவில்லை. கல் விழுந்து இடது கை நடுவிரல் நகம் போனது. அது இன்னும் சரியாக முளைக்கவில்லை. அந்த நாட்களில் நானும் அங்கே இருப்பேன். அதனால் எல்லாம் தெரியும்.

ஒரு நாள் அப்பாவிடம், "நீங்கதானே கட்டுனீங்க, அப்ப அது ஒங்க கூலிதானேப்பா?" என்று கேட்டேன். "கூலியும் இல்ல, களவும் இல்ல. என்னான்னு எனக்கே தெரியல புள்ள" என்றார்.

அத்தை, நீங்கள் கோபப்படுவதானால் என்னிடம் கோபப்படுங்கள். பொய்ப் பெயரை எழுதியது என் கை.

பிரியந்தி


கொவென்ட்ரி
12 ஜூலை 2025

என் பிரியந்திக்கு,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை என்று பயந்திருப்பாய். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நாங்கள் சுகம். அண்ணியின் சுகத்தை முதலில் எழுது. மழுப்பாமல் எழுது.

காசு அனுப்பிய அந்த ஆவணி மாதம் அண்ணியோடு போனில் அரை மணி நேரம் பேசினேன். குழந்தைக்கு எந்த நிறத்தில் சட்டை வாங்கலாம் என்று கேட்டேன். மஞ்சள் என்றார். வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு மஞ்சள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு உங்கள் எல்லோர் மேலும் கோபம். காசுக்காக இல்லை.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெளியே போய்க் காரைக் கழுவினார். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

இதனுடன் இரண்டு கடதாசி வைத்திருக்கிறேன். ஒன்று அற்றோணித் தத்துவம். அண்ணன் பெயரில்தான். மற்றதும் அண்ணன் பெயரில்தான், ஒரு ரசீது: சுவர் கட்டிய வேலைக்கும் சாமானுக்குமாக ஆறு இலட்சம் பெற்றுக்கொண்டேன், சோலைமலை. கிஷாந்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியவர் அண்ணன், காசு போனதும் அண்ணனிடம், இதில் பொய் எதுவும் இல்லை, தாராளமாகக் கையெழுத்திடலாம் என்கிறார். இரண்டிலும் கையெழுத்து வாங்கி அனுப்பு. தொண்ணூறாயிரமும் மிஞ்சும், அண்ணன் மனதில் இருப்பதும் இறங்கும்.

உன் அத்தை


கீழ்ப்பிரிவு, நோர்வூட்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

அம்மா சுகமாக இருக்கிறார். மழுப்பவில்லை. நேற்று இருபத்திரண்டு கிலோ கொழுந்து எடுத்தார். வருடத்துக்கு ஒரு தரம் கண்டியில் காட்டுகிறோம்.

உங்கள் கடதாசிகளைக் கொடுத்ததும் நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அற்றோணித் தத்துவத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தார். அதைப் பதிவு செய்தோம். ரசீதை மட்டும் தொடவில்லை.

"தங்கச்சி காணிக்குக் கல்லு வச்சதுக்குக் கூலி வாங்குனேன்னு கையெழுத்துப் போடுறதா? நாளைக்குத் தனுஷனுக்குக் காது குத்துறப்ப மடியில ஒக்கார வைக்கப் போறது யாரு? தாய்மாமனா, பாஸா?" என்றார்.

"ரெண்டும் நீங்கதான். போட்டுத் தொலைங்க" என்றார் அம்மா.

"ஒனக்கு வெளங்காது லெட்சுமி."

"வெளங்குது. என் வயித்தத் தச்ச காசு அது. நான் வேணா போடவா கையெழுத்து?"

அப்பா சிரித்துவிட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எழுதுறது பொய் இல்லதான். ஆனா அத எழுதிட்டா நான் ஜெயந்திக்குச் செஞ்சது ஒன்னுமே இல்லேன்னு ஆயிரும். அது ஒன்னுதான் நான் செஞ்சது" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை அத்தை. ரசீதை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன்.

ஆனால் சீமெந்தும் மணலும் வாங்கிய கடைக்கு நான் போனேன். முதல் நாள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாம் நாள் உள்ளே போய்க் கேட்டேன். கடைக்காரர் பழைய பில் புத்தகங்களை வைத்திருந்தார். பிரதி எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் இருக்கிறது. கிஷாந்த் ஐயாவுக்கு உதவுமா?

பிரியந்தி


கொவென்ட்ரி
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரியந்தி,

எல்லோரும் சுகம். உன் பில்கள் கிஷாந்திடம் போய்ச் சேர்ந்தன. சாமானுக்கு அவை செல்லும். வரியில் இருபத்தேழாயிரம் குறைகிறது. கடைக்குள் போய்க் கேட்டாயே, அதற்காக உனக்கு நன்றி.

மற்றதற்காகக் கிஷாந்த் என்னோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். "அக்கா, ஒரு கையெழுத்துக்கு அறுபத்து மூவாயிரத்த விடுறீங்களே. கட்டினவருக்குக் கூலி எவ்வளவுன்னு போட?" என்றார்.

"ஒன்னும் போடாதீங்க" என்றேன்.

"இவ்வளவு பெரிய சுவர சும்மாவா கட்டினாங்க?"

"எங்க அண்ணன் கட்டுனாரு."

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லையே அக்கா."

"இல்லாட்டி விடுங்க" என்றேன். மூன்று இலட்சத்து நாற்பத்தெட்டாயிரம் வரி. கட்டுகிறேன். மாமாவே கணினியில் உட்கார்ந்து மார்கழிக்கு விமான டிக்கெட் பார்க்கிறார். தனுஷனுக்குக் காது குத்த வருகிறோம். பங்குகள் கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்.

அண்ணனிடம் சொல்: ரசீது எனக்கு வேண்டாம். மடியைத் தயாராக வைத்திருக்கச் சொல்.

அத்தை


கீழ்ப்பிரிவு, நோர்வூட்
14 செப்டெம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார். மார்கழி வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நொத்தாரிசு ஐயாவிடம் உறுதி எழுதி முடிந்தது. அப்பா உங்களுக்காகக் கையெழுத்திட்டார். துரைராசா மாஸ்டர் காணியை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் போனோம்.

மாஸ்டர் சுவரைக் கைத்தடியால் தட்டித் தட்டிப் பார்த்தார். குனிந்து ஓட்டைகளுக்குள்ளும் பார்த்தார். "நல்ல வேலை. மேல் பக்கத்துக்கும் எனக்கு இப்பிடி ஒண்டு வேணும். இது ஆர் கட்டினது? பாஸின்ர நம்பர் இருந்தால் தாங்கோ" என்றார்.

அப்பா சுவரின் மூலைக் கல்லைத் தடவினார். அழகன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"நானும் எம் மகளும்" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "இந்தப் பிள்ளையோ? அப்ப சின்னப் பிள்ளையெல்லே?" என்றார்.

"பதினோரு வயசுங்க. வராத, வராதன்னு சொல்லுவேன். எனக்கு முன்னுக்கே வந்து கல்லு பொறுக்கி வச்சிருக்கும்."

அத்தை, உங்களுக்கு எழுதியபோது நான் அங்கே இருந்தேன் என்று மட்டும்தான் எழுதினேன். சின்னக் கல்லெல்லாம் நான் தூக்கியவை. சாந்து குழைத்ததும் நான். அதை எழுதினால், பிள்ளையைக் கல் தூக்க விட்டாரா என்று அப்பாவைக் கோபிப்பீர்கள் என்று எழுதாமல் விட்டேன். அவர் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார்.

மாஸ்டர், "சரி, நீங்களே கட்டுங்கோ. ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அப்பா வழக்கம்போல, "ஒங்களுக்குப் பாத்துக் குடுங்கய்யா" என்று தொடங்கினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "பாஸுக்கு நாலாயிரங்க. கையாளுக்கு ரெண்டாயிரத்தி ஐந்நூறு. நாங்க பில்லும் எழுதித் தருவோம்" என்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். வரும் ஞாயிறு தொடங்குகிறோம்.

மாமாவுக்கும் தம்பிக்கும் எங்கள் அன்பு. குளிருக்குக் கவனமாக இருங்கள்.

பிரியந்தி